நச்சு என்றால் விஷம் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் குடும்பத்துக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அதனால் இங்கே சிங்கப்பூரில், ஈசூனிலேயே பிறந்து வளரும் என் பேத்தியும் என்னை ஆச்சி என்றுதான் கூப்பிடுகிறாள். இதில் ஒரு தொல்லை. காலையில் எழுந்ததும் அவளுக்குத் தும்மல் வரும். அறைக்குள்ளிருந்து "ஆ...ச்சி!" என்று சத்தம் கேட்கும், நான் தோசைக்கல்லை அப்படியே விட்டுவிட்டு "என்ன தங்கம்?" என்று ஓடுவேன், அவள் மூக்கைத் தேய்த்துக்கொண்டே "கூப்பிடல ஆச்சி, தும்முனேன்" என்பாள். வாரத்தில் இரண்டு தோசையாவது இப்படிக் கருகுகிறது.

இந்தக் கடிதத்துக்கும் அவள்தான் காரணம். தொடக்கநிலை மூன்றில் படிக்கிறாள். தமிழ்ப் பாடத்துக்கு நான்கு கட்டத்தில் ஒரு படக்கதை வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். அவள் கதையில் ஒரு யானை டேக்கா சந்தைக்குள் நுழைந்து, மிளகாய்த்தூள் மூட்டையில் தும்பிக்கையை விட்டுவிடுகிறது. மூன்றாம் கட்டத்தில் யானை தும்ம வேண்டும். "ஆச்சி, ஸ்னீஸ் சவுண்டைத் தமிழ்ல எப்படி எழுதுறது?" என்று கேட்டாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, யோசிக்காமல், "நச்சு நச்சுன்னு எழுது" என்றேன். எங்கள் அம்மா அப்படித்தான் சொல்வார்: காலையிலருந்து நச்சு நச்சுன்னு தும்மிக்கிட்டே இருக்கான், ஒரு கஷாயம் வச்சுக் குடுக்கணும். பேத்தியும் பெரிய எழுத்தில், சுற்றிலும் முள்முள்ளாகக் கோடு போட்டு, "நச்சு!!!" என்று எழுதிக்கொண்டு போனாள்.

தாள் திரும்பி வந்தபோது அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில் "நச்சு = விஷம். 'அச்சூ' என்று எழுதவும்" என்று ஒரு குறிப்பு.

ஆசிரியரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் இளவயதுக்காரர், முப்பது பிள்ளைகளின் தாளைத் திருத்துகிறார், அகராதியைத் திறந்தால் நச்சு என்பதற்கு விஷம் என்றுதான் முதலில் வரும். ஆனால் அந்த "அச்சூ" எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். பேத்தி படிக்கும் ஆங்கிலப் படக்கதைகளில் எல்லாப் பிராணியும் அச்சூ என்றுதான் தும்முகிறது. அவற்றைத் தமிழில் தரும்போதும் அதையே தமிழெழுத்தில் வைத்துவிடுகிறார்கள். பூனை மட்டும் தமிழில் மியாவ் என்கிறது, காகம் கா கா என்கிறது, நாய் லொள் லொள் என்கிறது, மனுசன் தும்மினால் மட்டும் ஆங்கிலமா?

சரி, தும்மல் உண்மையிலேயே எப்படித்தான் ஒலிக்கிறது? உடம்புக்குள் நடப்பது எல்லாருக்கும் ஒன்றுதான். மூக்குக்குள் ஏதோ உறுத்துகிறது, முகத்து நரம்பு ஒன்று அதை மூளையின் அடித்தண்டுக்குச் சொல்கிறது, நெஞ்சு நிறைய மூச்சை இழுக்கிறோம், தொண்டை மூடுகிறது, உள்ளே அழுத்தம் ஏறுகிறது, பிறகு எல்லாம் ஒரே பாய்ச்சலில் மூக்கு வழியும் வாய் வழியும் வெளியே. மூச்சை இழுப்பது "ஆ". நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருக்கும்போது காற்று கிழித்துக்கொண்டு வருவது "ச்". அவ்வளவுதான் உடம்பு தருவது. மிச்சத்தை மொழி போட்டு நிரப்புகிறது. செவித்திறன் குறைந்த ஒரு பத்திரிகையாளர் 2013-இல் பிபிசி தளத்தில் எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து இது எனக்கு இன்னும் உறுதியாகிவிட்டது: காது கேளாதவர்கள் தும்மும்போது பெரும்பாலும் இந்த "அச்சூ" இருப்பதில்லையாம், ஆழமாக ஒரு மூச்சு, பிறகு காற்று வெளியேறும் சத்தம், அவ்வளவே. அப்படியென்றால் நாம் தும்முவதும் பாதி கற்றுக்கொண்டதுதான். சின்ன வயதில் வீட்டில் யார் எப்படித் தும்மினார்களோ அதைத்தான் நாமும் தும்முகிறோம். என் கணவர் "ஆஆஆ... ச்சேய்!" என்று ஒன்று போடுவார், பத்தாவது மாடியில் போட்டால் கீழ்த்தளத்தில் சதுரங்கம் ஆடுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அவருடைய அப்பாவும் அப்படியே.

எண்பதுகளில் ஜூரோங்கில் ஒரு ஜப்பானிய எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் உற்பத்தி வரிசையில் வேலை பார்த்தேன். சால்டரிங் புகை மூக்கில் ஏறினால் வரிசை முழுக்கத் தும்மும். என் இடப்பக்கம் ஒரு மலாய்த் தோழி, வலப்பக்கம் ஹொக்கியன் என்ற சீன வட்டாரமொழி பேசும் ஓர் அக்கா. மலாய்த் தோழி "ஹச்சும்!" என்று தும்மி, உடனே "அல்ஹம்துலில்லாஹ்" என்பாள். எதிரே இருப்பவள் கையிலிருப்பதை வைக்காமலேயே "யர்ஹமுகல்லாஹ்" என்று பதில் சொல்வாள், இறைவன் உனக்கு அருள் செய்யட்டும் என்று அர்த்தம். ஹொக்கியன் அக்காவின் தும்மல் "கா-ச்சியூ" என்று ககரத்தில் தொடங்கும். தும்மிவிட்டு, பாசார் மலாயில் (சந்தையில் பேசும் கொச்சை மலாய்), யாரோ என்னைத் திட்டுகிறார்கள் என்று முணுமுணுப்பார், பெரும்பாலும் மாமியாரைச் சந்தேகிப்பார். அவர்கள் மொழியில் தும்மலை "அடிப்பார்கள்" என்றும் அவர்தான் சொன்னார். மாண்டரினிலும் அப்படித்தான். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது, அப்புறம் யோசித்தால் நாம் மட்டும் என்ன? தும்மல் போடுகிறோம், கொட்டாவி விடுகிறோம், ஏப்பமும் விடுகிறோம், கண்ணை மட்டும் அடிக்கிறோம்.

வரிசைக்கு மேலாளர் ஜப்பானியர். மெலிந்த மனிதர், பேச்சே வராது. அவர் ஒரு நாள் என் பின்னால் நின்று "ஹக்-ஷோன்!" என்று தும்மியபோது ஏதோ இயந்திரம்தான் பழுதாகிவிட்டது என்று திரும்பிப் பார்த்தேன். ஜப்பானிய எழுத்தில் அதை ஹகுஷோன் என்று எழுதுவார்கள். நாங்கள் இருபது பெண்களும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் யாரும் சொல்வார்கள் என்று எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. லேசாகத் தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்பதுபோல் ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன், ஜப்பானிய மொழியில் தும்மலுக்குப் பெயர் "குஷாமி", அது பழைய காலத்தில் தும்மினால் ஆபத்து வராமல் இருக்கச் சொன்ன "குசமே" என்ற மந்திரச் சொல்லிலிருந்து வந்தது. பதினான்காம் நூற்றாண்டு ஜப்பானிய நூல் ஒன்றில் ஒரு கிழத் துறவிப்பெண் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் "குசமே, குசமே" என்று சொல்லிக்கொண்டே போகிறாள். ஏன் என்று கேட்டால், நான் பாலூட்டி வளர்த்த பிள்ளை மலைமேல் இருக்கிறான், இப்போது தும்மிக்கொண்டிருந்தால்? என்கிறாள். இதைப் படித்ததும் எனக்கு என் அம்மா ஞாபகம்தான் வந்தது. நாங்கள் ஒரு தும்மல் போட்டால் "நூறு" என்பார். இரண்டாவதுக்கு "இருநூறு". மூன்றாவதுக்கு வாழ்த்து கிடையாது, சுக்குத் தட்டப் போய்விடுவார்.

இப்போது எங்கள் தளத்தில் கேட்டால் இன்னும் கூடுதல். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) பெலச்சான் என்ற இறால் விழுதை வறுத்தால் நடைபாதை முழுக்கத் தும்மல்தான். எதிர் வீட்டுப் பணிப்பெண் பிலிப்பீன்ஸ்காரர், "ஹாட்சிங்" என்பார். கடைசி வீட்டுச் சீனப் பையன் மாண்டரின் படக்கதை படிக்கிறவன், அதில் "ஆ-தீ" என்று போட்டிருக்கும். அவன் எனக்கு எழுதிக் காட்டினான்: தும்மலைக் குறிக்கும் சொல்லில் இரண்டு எழுத்து, இரண்டிலும் இடப்பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம், அது வாய். சீனர்கள் தும்மலை வாய்க் கணக்கில் எழுதிவிட்டார்கள், நாம் மூக்குக் கணக்கில் வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். என் மகள் கொரிய நாடகம் பார்ப்பவள், அவள் தொலைக்காட்சியில் "ஏச்சி" என்று தும்முகிறார்கள், அது எனக்கு ஏச்சு வாங்குவதுபோலக் கேட்கிறது. இணையத்தில் தேடிப் பார்த்ததில் ஜெர்மன்காரர்களுக்கு ஹாட்ஷி, ஸ்பானியர்களுக்கு அச்சீஸ், ரஷ்யர்களுக்கு அப்ச்ஹி. பிரெஞ்சுக்காரர்கள் அட்சும் என்று ஓர் இம்மன்னாவைப் போட்டு மூடிவிடுகிறார்கள், நம் மலாய் ஹச்சும் போலவே. துருக்கியில் ஹாப்ஷு, அதிலிருந்தே தும்முவதற்கான வினைச்சொல்லையும் செய்துகொண்டுவிட்டார்கள்.

இத்தனையையும் வாயால் சொல்லிப் பார்த்தேன் (வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான்). எல்லாவற்றிலும் முதலில் வாய் திறக்கும் ஓர் உயிர், நடுவில் ச, ட்ச, த என்று நாக்கு உரசும் ஒரு மெய், கடைசியில் ஏதோ ஒரு வால். திறப்பும் உரசலும் ஒன்றுக்கொன்று சொந்தம்தான், வால்தான் ஆளுக்கு ஒரு மாதிரி. அந்த வாலில்தான் அந்தந்த மொழி உட்கார்ந்திருக்கிறது.

நம் வால் எது? இங்கேதான் நான் பேத்தியின் ஆசிரியரோடு மாறுபடுகிறேன். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது, பள்ளியில் எல்லாரும் படித்ததுதான். "அச்" என்று நிறுத்த நம் வாய்க்கு வராது, "அச்சு" என்று ஒரு சின்ன உகரத்தைத் தொட்டுத்தான் முடிப்போம். அந்த உகரம் குற்றியலுகரம், அரை மாத்திரைதான், உதடு குவிவதற்குள் போய்விடும். தும்மலின் கடைசியில் நிஜமாகவே நடப்பதும் அதுதானே? காற்று தீர்ந்துபோய்ச் சத்தம் அப்படியே உள்ளே அமுங்குகிறது. "அச்சூ" என்று எழுதினால் கடைசியில் இரண்டு மாத்திரை, உதட்டைக் குவித்து நீட்ட வேண்டும். அப்படித் தும்முகிறவரை நான் பார்த்ததில்லை, என் கணவர்கூட "ச்சேய்" என்று தெறித்து முடிப்பவர்தான். அச்சு, நச்சு, சிலர் வீட்டில் ஹச்சு, எதுவானாலும் நம் காது கேட்டது குறில். ஆங்கிலத்தில் பார்த்தாலும் அமெரிக்கர்களுக்கு அச்சூ, பிரிட்டிஷ்காரர்களுக்கு அட்டிஷூ, ஒரே மொழிக்குள்ளேயே இரண்டு. அவர்களுக்குள்ளேயே முடிவாகாத ஒன்றை நாம் எதற்கு நகலெடுக்க வேண்டும்?

தமிழ்க்காரர்கள் தும்மலைக் கவனிக்காதவர்களும் இல்லை. எனக்குத் தெரிந்து ஐந்து குறளில் தும்மல் வருகிறது, ஐந்துமே காமத்துப்பாலில். நினைக்கிறவர்போல இருந்து நினைக்காமல் விட்டாரோ, தும்மல் வருவதுபோல வந்து அடங்கிவிட்டதே என்று ஒருத்தி ஏங்குகிறாள். காதலை மறைக்கத்தான் பார்க்கிறேன், அது தும்மல்போலச் சொல்லாமல் வந்துவிடுகிறதே என்கிறாள். ஊடலில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள், "நீடு வாழ்க" என்று வாய் திறப்பாள் என்று தெரிந்து அவன் வேண்டுமென்றே தும்முகிறான். எனக்குப் பிடித்தது 1317-ஆவது:

வழுத்தினாள் தும்மினேன் ஆக அழித்தழுதாள்
யாருள்ளித் தும்மினீர் என்று.

தும்மினேன், வழக்கம்போல வாழ்த்தினாள், வாழ்த்திய வாயோடு எவள் நினைத்ததால் தும்மினீர் என்று அழ ஆரம்பித்துவிட்டாள். சரி, அடுத்த தடவை அடக்கிக்கொள்வோம் என்று அவன் அடக்குகிறான், 1318-இல் அதற்கும் அழுகிறாள், உங்கள் ஆட்கள் உங்களை நினைப்பதை என்னிடம் மறைக்கிறீர்களா என்று. பாவம், எந்தப் பக்கம் போனாலும் மாட்டிக்கொள்கிறான். என் ஹொக்கியன் அக்கா மாமியாரைச் சந்தேகித்ததும் இதே சங்கதிதான். சீனர்களின் மிகப் பழைய கவிதைத் தொகுப்பான ஷிஜிங்கிலும் தூக்கம் வராமல் கிடக்கும் ஒருத்தி தும்மலை நினைவோடு சேர்த்துப் பேசுகிறாள். எங்கள் தொழிற்சாலையில் நானும் அந்த அக்காவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது இது இரண்டு பேருக்குமே தெரியாது.

ஆனால் ஐந்து குறளிலும் வள்ளுவர் சத்தத்தை எழுதவில்லை. தும்மினார், தும்மினேன், தும்மல், அவ்வளவுதான். அவருக்குத் தேவைப்படவில்லை, ஏனென்றால் "தும்மு" என்ற சொல்லிலேயே பாதிச் சத்தம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. "தும்" என்று உதட்டை மூடிப் பாருங்கள். அடக்கி வைத்த தும்மல் அதுதான். முகக்கவசம் போட்டிருந்த காலத்தில் எம்ஆர்டி ரயிலில் நாம் எல்லாரும் தும்மியதும் அதுதான், "அச்சு"வும் இல்லை "நச்சு"வும் இல்லை, கவசத்துக்குள் ஒரு "ம்ம்", அதற்கே பெட்டியில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், நாமும் வேறு யாரோ தும்மியதுபோல முகத்தை வைத்துக்கொள்வோம்.

அந்தச் சமயத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது, தும்மல் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது என்று. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அளந்து பார்த்தது நம் ஊரில்தான். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், இங்கே தொண்டூழியர்களைத் தும்மவைத்து, பெரிய ஆடியை வைத்து மூச்சுக்காற்றைப் படமெடுத்தார்கள். கிடைத்த அதிகபட்ச வேகம் நொடிக்கு 4.5 மீட்டர், அதாவது மணிக்கு 16 கிலோமீட்டர் சொச்சம். சைக்கிள் பாதையில் 25 வரை போகலாம் என்று வைத்திருக்கிறார்கள், தும்மல் அதற்குள் அடங்கிவிடும்.

இன்னொன்று. நிலத்தடி ரயில் நிலையத்திலிருந்து மின்படி ஏறி வெளியே வந்து வெயில் முகத்தில் அடித்ததும் சிலருக்குத் தும்மல் வரும். என் பேத்திக்கு வரும், என் மகளுக்கும் வரும், எனக்கும்தான். இது குடும்பத்தில் இறங்கிவருவது என்றும், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே போதும், பிள்ளைக்கு வர இரண்டில் ஒரு வாய்ப்பு என்றும் சொல்கிறார்கள். இதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர்தான் வேடிக்கை. ஆறு நீளமான ஆங்கிலச் சொற்களைத் தேடிப்பிடித்து அடுக்கி, ஒன்றை வசதியாக விட்டுவிட்டு, மற்றவற்றின் முதலெழுத்தைச் சேர்த்தால் "அச்சூ" என்று வரும்படி செய்திருக்கிறார்கள். தும்மல் ஒலி மீது அவர்களுக்கு அவ்வளவு பிரியம். நமக்கும் கொஞ்சம் இருக்கலாம், தப்பில்லை.

"நச்சு" என்றால் விஷம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். "அச்சு" என்று எழுதினால் மட்டும் குழப்பம் தீர்ந்துவிடுமா? அச்சு என்றால் வண்டியின் அச்சு, முறுக்குப் பிழியும் அச்சு, உங்கள் பத்திரிகை ஏறுகிற அச்சு. ஒரு சொல்லுக்கு இரண்டு மூன்று பொருள் இருந்தால் இடத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வோம். யானையின் தும்பிக்கைக்கு முன்னால் முள்முள்ளாகக் கோடு போட்டு எழுதியிருப்பதை விஷம் என்று எந்தப் பிள்ளை படிக்கும்? இன்னும் சொன்னால், ஆங்கிலத்தில் தும்முவதற்கு இருக்கும் சொல்லே ஒரு பிழை என்றுதான் பலர் கருதுகிறார்கள். பழைய ஆங்கிலத்தில் அது "ஃப்ன்" என்று தொடங்கியது, அந்தக் காலத்தில் "ஸ்" என்ற எழுத்தை நீட்டி எழுதினால் "ஃப்" போலவே இருக்கும், யாரோ மாற்றிப் படித்து அதுவே நிலைத்துவிட்டதாம். ஓர் எழுத்துப்பிழையை வைத்துக்கொண்டு அவர்கள் இத்தனை நூற்றாண்டாகத் தும்முகிறார்கள். என் பேத்தி எழுதியதில் பிழையே இல்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் பத்திரிகையைப் படிப்பவர்களில் தஞ்சாவூர்க்காரர்கள் உண்டு, கடையநல்லூர்க்காரர்கள் உண்டு, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் உண்டு, மலாயாத் தோட்டத்தில் பிறந்து இங்கே வந்தவர்கள் உண்டு. அவரவர் வீட்டில் தும்மலை எப்படிச் சொல்வார்கள், தும்மியவருக்கு என்ன சொல்வார்கள் என்று ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். சிலர் "தீர்க்காயுசு" என்பார்கள், சிலர் ஒற்றைத் தும்மல் ஆகாது என்று உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள், எங்கள் வீட்டு "நூறு, இருநூறு" கணக்கு உங்களுக்கு இப்போது தெரியும். சொல்லக்கூடிய வயதில் ஆட்கள் இருக்கும்போதே கேட்டுவிடலாமே. அந்த ஆசிரியருக்கும் ஒரு பத்திரிகை நறுக்கு அனுப்பிவைப்பேன், கோபமாக இல்லை, யானைப் படத்தோடு.

கடிதம் நீண்டுவிட்டது, தெரியும். வெட்டுவதாக இருந்தால் 160 கிலோமீட்டர் சமாச்சாரத்தை வெட்டிக்கொள்ளுங்கள், குறளைத் தொடாதீர்கள். உங்கள் பிழைதிருத்துபவரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், தலைப்பிலும் உள்ளேயும் நான் எழுதியிருக்கும் "நச்சு" தெரிந்தே எழுதியது, மாற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
ஓர் ஆச்சி, ஈசூன்